“மகளுக்கு அனுபவம் ஒன்றும் இல்லை” என்று எழுதிய தாய்க்கு

கேள்வி: எங்கள் மகள் ஹரோவில் ஒரு சாதாரண அரச பாடசாலையில் பன்னிரண்டாம் ஆண்டு படிக்கிறாள். உயிரியல், இரசாயனவியல், உளவியல் எடுத்திருக்கிறாள். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையில் (9 தான் உச்சம்) பெரும்பாலும் 7, மூன்று பாடங்களில் 8, ஆங்கிலத்தில் 6. டொக்டருக்குப் படிக்க விருப்பம் என்கிறாள். உளவியல் படித்தால் என்ன என்றும் ஒருநாள் கேட்டாள். நானும் கணவரும் பல்கலைக்கழகம் போகாதவர்கள். சனிக்கிழமைகளில் அவள் எங்கள் கடையில் நிற்பாள். மறதி நோயும் நீரிழிவும் உள்ள என் அம்மாவைப் பள்ளி விட்டு வந்து பார்த்துக்கொள்பவளும் அவள்தான். நான் வேலைக்குப் போவதால் குடும்ப வைத்தியரான ஜிபியிடம் கூட்டிப்போய் மொழிபெயர்ப்பதும் அவளே. மற்றப் பிள்ளைகள் வைத்தியசாலைகளில் அனுபவம் எடுத்துவிட்டார்கள், இவளுக்கு ஒன்றும் இல்லை. யூகாட் என்ற மருத்துவ நுழைவுப் பரீட்சைக்கான பயிற்சி, விண்ணப்பக் கட்டுரை, நேர்முகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நிறுவனம் 4,000 பவுண் கேட்கிறது. லண்டனில் இம்பீரியல், யூ.சி.எல்., கிங்ஸ், அதோடு கேம்பிரிட்ஜ் என்று நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் போடலாம் என்று இருக்கிறோம். கிடைக்காவிட்டால் பல்கேரியாவுக்கு அனுப்பலாம் என்று ஒரு முகவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை முதலில் திருத்தவேண்டும். மகளுக்கு அனுபவம் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். அதற்குச் சற்று முன்னால்தான், மறதி நோயுள்ள அம்மம்மாவை அவள் பார்த்துக்கொள்வதையும் வைத்தியரிடம் கூட்டிப்போவதையும் எழுதியிருக்கிறீர்கள். நான் லண்டனில் குடும்ப வைத்தியராக வேலை செய்கிறேன். மருத்துவபீட நேர்முகங்களில் கேள்வி கேட்கும் பக்கத்திலும் இருந்திருக்கிறேன். இப்படியான ஒரு பிள்ளை வந்து எங்கள் முன்னால் இருக்காதா என்றுதான் நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.

எங்கள் ஆட்களில் பலர், தெரிந்த கன்சல்டன்ட் ஒருவரைப் பிடித்துப் பிள்ளையை ஒரு கிழமை வைத்தியசாலையில் விட்டுவிடுகிறார்கள். கிடைத்தால் நல்லதுதான். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை அங்கே சுவரோரம் நின்று பார்க்கலாம், வேறு எதையும் தொடமுடியாது. நேர்முகத்தில் “அங்கே என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கேட்டால் சத்திரசிகிச்சையின் பெயர் வரும், பிறகு மௌனம். மருத்துவபீடங்களின் கூட்டமைப்பான மெடிக்கல் ஸ்கூல்ஸ் கவுன்சில் தன் வழிகாட்டலில் தெளிவாகச் சொல்கிறது: அனுபவம் வைத்தியசாலையில்தான் கிடைக்கவேண்டும் என்று இல்லை. ஆட்களோடு பழகுகிற வேலை, ஒருவரைப் பராமரிக்கிற பொறுப்பு, எல்லாம் கணக்கில் வரும். அதைப்பற்றிப் பிள்ளை யோசித்திருக்கிறாளா என்பதே கேள்வி.

அதனால் இன்றிரவு மகளிடம் ஒன்று கேட்டுப்பாருங்கள். ஜிபி சொன்னதில் எதையாவது அம்மம்மாவுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறாளா? பெரும்பாலும் விட்டிருப்பாள். இந்த மறதி கூடிக்கொண்டே போகும் என்று டொக்டர் சொல்லியிருப்பார். அம்மம்மா பயந்துவிடுவார் என்று நினைத்து, “மருந்தை ஒழுங்காக எடுக்கட்டாம்” என்பதோடு அவள் நிறுத்தியிருப்பாள். பாசத்தில் செய்தது, அதற்காக அவளைக் குற்றம் சொல்லமுடியாது. ஆனால் வைத்தியத்தின் மிகப்பெரிய கேள்விகளில் ஒன்றுக்குள் அவள் தன்னையறியாமல் காலடி வைத்திருக்கிறாள். தன் நோயைப்பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ளவேண்டும் என்பதை முடிவுசெய்வது நோயாளியா, குடும்பமா?

எங்கள் வீடுகளில் குடும்பம்தான் முடிவுசெய்யும். பிரித்தானியச் சட்டம் வேறு பக்கம் நிற்கிறது. 2015 இல் மொன்ட்கொமெரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை மருத்துவ மாணவர் எல்லோரும் படிக்கிறார்கள். நீரிழிவு உள்ள ஒரு தாய்க்கு, பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளக்கூடும் என்ற ஆபத்தை வைத்தியர் சொல்லவில்லை. அப்படியே சிக்கி, குழந்தை பாதிக்கப்பட்டது. அந்த நோயாளி முக்கியமாக நினைக்கக்கூடிய ஆபத்து எதுவானாலும் அவருக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்தது. மறதி நோய் என்றால் இன்னொரு சட்டமும் வருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஆம் ஆண்டின் மனத்தகைமைச் சட்டப்படி, முடியாது என்று நிறுவப்படும்வரை ஒருவரால் தன் முடிவைத் தானே எடுக்கமுடியும் என்றுதான் கொள்ளவேண்டும். மறதி நோய் என்று பெயர் வைத்தவுடனே அம்மம்மாவின் வாயை நாங்கள் மூடிவிட முடியாது.

உங்கள் மகள் இந்த வழக்கையும் சட்டத்தையும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. தான் ஏன் அந்த வார்த்தையை விழுங்கினாள், திரும்ப அந்த அறைக்குள் போனால் என்ன செய்வாள் என்று யோசித்து, தன் வாயால் இரண்டு நிமிடம் சொன்னால் போதும். எத்தனை ஆயிரம் பவுண் கொடுத்தாலும் எந்தப் பயிற்சி நிலையமும் இதை ஒரு பிள்ளைக்குள் வைக்கமுடியாது.

விண்ணப்பத்தை விட்டுவிட்டு இதையும் சொல்லவேண்டும்: இனிமேல் மொழிபெயர்க்க அவளை அனுப்பாதீர்கள். அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்.ஸில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது உங்கள் அம்மாவின் உரிமை, அதற்குக் காசு இல்லை. பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பதை என்.எச்.எஸ். வழிகாட்டல் ஏற்பதில்லை. நேரம் எடுக்கும்போதே வரவேற்பில் சொல்லிவிட்டால் தொலைபேசியிலாவது ஒருவரை ஒழுங்குசெய்வார்கள். மகள் பக்கத்தில் இருக்கட்டும், பேத்தியாக.

கடையையும் சின்னதாக நினைக்காதீர்கள். கத்துகிற வாடிக்கையாளரைச் சமாளித்தது, ஒருவரோடாவது கதைக்கவேண்டும் என்பதற்காகவே தினமும் பால் வாங்க வருகிற வயோதிபருக்குக் காது கொடுத்தது, கணக்கு பிழைத்த நாளில் அப்பாவிடம் போய் ஒத்துக்கொண்டது, எல்லாம் நேர்முகத்தில் கேட்கப்படுகிற விஷயங்கள். ஒரு சின்னக் கொப்பியில் நடந்ததையும் தான் நினைத்ததையும் அவள் எழுதிவைக்கட்டும். ஆட்களின் பெயரை எழுதக்கூடாது. வைத்தியசாலை, கிளினிக் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க இலவச வழிகள் இருக்கின்றன. குடும்ப வைத்தியர்களின் ரோயல் கொலிஜ், 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக ‘ஒப்சேர்வ் ஜிபி’ என்ற காணொளித் தொகுப்பை வைத்திருக்கிறது. பிரைட்டன் அன் சசெக்ஸ் மருத்துவபீடத்தின் இணையவழி அனுபவப் பயிற்சியும் இருக்கிறது. இரண்டுக்கும் சிபாரிசு தேவையில்லை.

இனி நீங்கள் போட நினைத்திருக்கும் நான்கு இடங்கள். இதில்தான் எனக்கு உண்மையான கவலை.

பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் அமைப்பான யூகாஸில் மருத்துவத்துக்கு நான்கு தெரிவுகள்தான் போடலாம். ஐந்தாவது வேறொரு பாடத்துக்குப் போகவேண்டும். இங்கிலாந்தில் மருத்துவ இடங்களின் எண்ணிக்கையை அரசே கட்டுப்படுத்துகிறது. பிரித்தானியா முழுவதிலும் ஒவ்வொரு ஆண்டும் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போட்டியிடுகிறார்கள். நல்ல பிள்ளைகள் பலர் நான்கிலும் மறுக்கப்படுவதற்குப் பெரிய காரணம், அந்த நான்கையும் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்ததுதான். கேம்பிரிட்ஜ் ஏ-லெவல் பரீட்சையில் இரண்டு ஏ ஸ்டாரும் ஒரு ஏயும் கேட்கும். அங்கே விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் மூன்றோ நான்கோ விஞ்ஞான, கணிதப் பாடங்கள் எடுத்தவர்கள். உங்கள் மகளின் மூன்றாவது பாடம் உளவியல். மற்ற மருத்துவபீடங்களில் அதனால் பாதிப்பு வராது, அங்கே வரும். அந்த ஒரு தெரிவை வீணாக்கவேண்டாம்.

மீதியையும் இப்போது முடிவுசெய்யவேண்டாம். ஒவ்வொரு மருத்துவபீடமும் வடிகட்டுகிற விதம் வேறு. பெல்பாஸ்டில் குயின்ஸ் பல்கலைக்கழகம் ஜி.சி.எஸ்.ஈ. பெறுபேறுகளுக்குப் புள்ளி போட்டுக் கூட்டுகிறது. பிரிஸ்டலோ நேர்முகத்துக்கு ஆள் எடுக்கச் சில ஆண்டுகளாக யூகாட் புள்ளியையே நம்பிவருகிறது. ஒரு பிள்ளையை ஒரு இடம் நேர்முகத்துக்கே கூப்பிடாது, இன்னொரு இடம் வாசலில் வைத்தே வரவேற்கும். பிள்ளை ஒன்றுதான், பெறுபேறும் ஒன்றுதான். இந்த விதிகள் ஆண்டுக்காண்டு மாறும். அதனால் போன வருடம் போன மச்சாளின் மகன் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல், அவள் சேரப்போகும் ஆண்டுக்குரிய பக்கத்தை ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் 6 பல இடங்களில் போதும், ஆனால் எல்லா இடத்திலும் போதுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

உங்கள் வீட்டுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது, யாரும் உங்களுக்குச் சொல்லவில்லைப்போல. பெற்றோர் பல்கலைக்கழகம் போகாதது, பரீட்சை வைத்துப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யாத அரச பாடசாலையில் படிப்பது, சில தபால் குறியீட்டுப் பகுதிகளில் வாழ்வது, இலவச மதிய உணவு எடுப்பது, இவற்றை மருத்துவபீடங்கள் கவனத்தில் எடுக்கின்றன. நிபந்தனைகளுக்குப் பொருந்தினால் குறைந்த பெறுபேற்றோடும் இடம் தருகிறார்கள். கிங்ஸ் கொலிஜில் ஆறு வருட விரிவாக்கப்பட்ட மருத்துவப் பட்டப்படிப்பு ஒன்று இப்படியான பாடசாலைப் பிள்ளைகளுக்காகவே இருக்கிறது. சவுத்ஹாம்டனில் ஓர் ஆரம்ப ஆண்டோடு சேர்ந்த ஆறு வருடப் படிப்பு இருக்கிறது. முடிவில் கிடைப்பது அதே எம்.பி.பி.எஸ். அல்லது அதற்குச் சமமான பட்டம். இது பிச்சை கேட்பது என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். ரியூஷனுக்குக் காசு இல்லாமல் எடுத்த 7, ரியூஷன் வைத்து எடுத்த 9 க்குக் குறைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. பல்கலைக்கழகங்களும் இப்போது அப்படித்தான் பார்க்கின்றன.

“லண்டன் பெயர் இருந்தால்தானே பிறகு நல்ல வேலை” என்று கேட்பீர்கள். இந்த நாட்டு வைத்தியத்தில் அப்படி இல்லை. எல்லா மருத்துவபீடங்களும், வைத்தியர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் அமைப்பான ஜி.எம்.சி.யின் ஒரே அளவுகோலுக்குக் கீழே இருக்கின்றன. 2024-25 கல்வியாண்டில் பட்டம் பெற்றவர்கள் முதல், எல்லா மாணவரும் எம்.எல்.ஏ. என்ற பொதுத் தகைமைப் பரீட்சையில் சித்தியடையவேண்டும். பட்டம் முடிந்ததும் வருகிற இரண்டு வருட ஆரம்பப் பயிற்சிக்கு 2024 முதல் இடம் கொடுப்பது எப்படி என்றால், மாணவர் விருப்ப வரிசை கொடுப்பார், கணினி ஒவ்வொருவருக்கும் ஒரு தரவரிசை எண்ணை எழுந்தமானமாகக் கொடுத்து ஒதுக்கும். எந்தப் பல்கலைக்கழகம் என்பது அதில் வருவதே இல்லை. என் சிகிச்சை நிலையத்துக்கு வருகிற நோயாளிகளில் ஒருவர்கூட நான் எங்கே படித்தேன் என்று கேட்டதில்லை. லெஸ்டர், கீல், நொரிச், ஹல், சண்டர்லாண்ட், இவை எல்லாம் நல்ல வைத்தியர்களை உருவாக்குகிற இடங்கள். வீட்டிலிருந்து போய்வர வேண்டும் என்பது உங்கள் பெரிய கவலை என்றால், லண்டன் இடம் ஒன்றையோ இரண்டையோ வையுங்கள். நான்கையும் வைக்காதீர்கள்.

யூகாட். இது கணினியில், பரீட்சை நிலையத்துக்குப் போய் எழுதுவது. ஒரு விண்ணப்ப ஆண்டில் ஒரு தடவைதான் எழுதலாம். முன்பு ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், இம்பீரியல், யூ.சி.எல். போன்ற இடங்கள் பிமாட் என்ற வேறொரு பரீட்சையைக் கேட்டன. அது 2023 உடன் நின்றுவிட்டது. 2025 இலிருந்து யூகாட்டில் உருவங்களைப் பார்த்து விடை சொல்லும் பகுதியும் இல்லை. பழைய புத்தகங்களைத் தெரிந்தவர்களிடம் வாங்கி வைத்திருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடச் சொல்லுங்கள். இப்போது வாசிப்பு, தீர்மானம், எண்கணிதம் என்ற மூன்றுக்கும் சேர்த்து 900 இலிருந்து 2,700 வரை புள்ளி. சூழ்நிலையைக் கொடுத்து எப்படி நடந்துகொள்வாய் என்று கேட்கிற பகுதிக்குத் தனியாக ஒன்று முதல் நான்கு வரை தரம். அதில் கடைசித் தரமான நான்கு வந்தால் சில மருத்துவபீடங்கள் மேற்கொண்டு பார்ப்பதில்லை.

கேள்விகள் கடினமானவை என்பதைவிட நேரம் கடினமானது. வாசிப்புப் பகுதியில் 44 கேள்விகளுக்கு 22 நிமிடம், அதாவது ஒன்றுக்கு அரை நிமிடம். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கமாட்டார்கள், ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது. யூகாட் அமைப்பே தன் தளத்தில் முழு மாதிரிப் பரீட்சைகளையும் வினாத் தொகுப்புகளையும் இலவசமாக வைத்திருக்கிறது. ஆறு முதல் எட்டுக் கிழமை, நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம், கடிகாரத்தை வைத்துச் செய்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். அதற்குமேல் இழுத்தால் சோர்ந்துவிடுகிறார்கள். பரீட்சைக் காலம் ஜூலையில் தொடங்கி செப்டெம்பர் கடைசியில் முடியும். ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு நாளை முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள். வீட்டுவருமானம் குறைவென்றால் பரீட்சைக் கட்டணத்தை அவர்களே ஏற்கும் உதவித்திட்டம் ஒன்றும் இருக்கிறது. பதிவு செய்யும்போதே அதற்கு விண்ணப்பியுங்கள்.

புள்ளி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தெரிந்துவிடும். இதனால்தான் இடங்களை இப்போது முடிவுசெய்யாதீர்கள் என்று சொன்னேன். விண்ணப்பத்தின் கடைசி நேரம் ஒக்டோபர் 15 மாலை 6 மணி. ஓகஸ்டில் புள்ளி தெரிந்துவிட்டால், அந்தப் புள்ளிக்கும் அந்த ஜி.சி.எஸ்.ஈ. பெறுபேறுக்கும் எந்த நான்கு இடம் கதவு திறக்கும் என்று உட்கார்ந்து பார்க்க உங்களுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்கும். பாடசாலை தன் உள்ளகக் கடைசித் திகதியைச் செப்டெம்பரிலேயே வைக்கும், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 4,000 பவுண்ணைக் கொடுக்காதீர்கள். அந்தக் காசில் பெரும்பகுதி இலவசமாகக் கிடைக்கிற பயிற்சிக்குத்தான் போகிறது. மற்றது கட்டுரைக்குப் போகிறது. கட்டுரையை வேறொருவர் எழுதிக்கொடுப்பது உதவி அல்ல, ஆபத்து. யூகாஸ் எல்லாக் கட்டுரைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் வைத்திருக்கிறது. வேறு இடத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவிலிருந்தோ எடுக்கவில்லை என்று பிள்ளை உறுதி சொல்லித்தான் அனுப்பவேண்டும். 2026 இல் சேர்ந்தவர்களிலிருந்து அந்தப் பழைய ஒற்றைக் கட்டுரையும் மாறிவிட்டது. ஏன் இந்தப் பாடம், உன் படிப்பு எப்படி உன்னைத் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய், அது ஏன் பயன்பட்டது என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 350. மூன்றாவது கேள்வி உங்கள் மகளுக்காகவே போட்டதுபோல இருக்கிறது. மருத்துவபீடங்கள் பல இந்தக் கட்டுரைக்குப் புள்ளி போடுவதே இல்லை, நேர்முகத்தில்தான் இதிலிருந்து கேட்கிறார்கள். தான் எழுதாத வரியைப் பிள்ளை அங்கே விளக்கமுடியாமல் நிற்கும்போது பார்க்கிற எங்களுக்கே மனம் கேட்காது.

நேர்முகம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை நடக்கும். பெரும்பாலான இடங்களில் எம்.எம்.ஐ. என்ற முறைதான். ஒரு மேசையில் ஐந்து முதல் எட்டு நிமிடம், மணி அடித்தால் அடுத்த மேசை, அங்கே வேறு ஆள், வேறு கேள்வி. ஒரு மேசையில் நடிகர் ஒருவர் கோபப்பட்ட நோயாளியாக இருப்பார். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டும் பாடத்தை ஆழமாகக் கேட்கும் பழைய முறையில் போகின்றன. எங்கள் பிள்ளைகள் இங்கே தடுமாறுவது அறிவுக் குறைவால் இல்லை. பெரியவர் முன்னால் மறுத்துப் பேசாமல், கண்ணைப் பார்க்காமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி வளர்ந்திருக்கிறார்கள். நேர்முகம் நடத்துகிறவர் “நான் உன்னோடு உடன்படவில்லை” என்று சொன்னதும் உடனே தன் கருத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். இதற்கு வகுப்பு வேண்டாம். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு விஷயத்தை எடுத்து அவளோடு வாதாடுங்கள். சர்க்கரைப் பானத்துக்கு வரி போடலாமா, உறுப்புத் தானத்தில் மறுப்புச் சொல்லாத எல்லோரையும் சம்மதித்தவராக எடுக்கலாமா என்று கேளுங்கள். அவள் உங்களோடு உடன்படாமல் நின்றால் கோபப்படாதீர்கள், அன்றைக்குப் பயிற்சி நன்றாக நடந்திருக்கிறது.

நேர்முகத்துக்கு முன்னால் அவள் ஜி.எம்.சி. வெளியிட்ட ‘நல்ல மருத்துவ நடைமுறை’யின் 2024 பதிப்பை ஒருமுறை வாசிக்கட்டும். சிறிய கையேடுதான். மனப்பாடம் செய்யவேண்டாம். ஒரே நாளில் அடுத்தடுத்து வருகிற பிள்ளைகள் ஒரே வாக்கியத்தை ஒரே ஏற்ற இறக்கத்தோடு சொல்லும்போது, எந்தப் பயிற்சி நிலையத்தில் அது தைக்கப்பட்டது என்பது எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

உளவியல் படித்தால் என்ன என்று மகள் கேட்டதாக ஒரு வரி எழுதிவிட்டு, அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. அந்தக் கேள்வியை அவளிடம் திரும்பக் கொண்டுபோங்கள். அம்மம்மாவின் மறதியைப் பார்த்துத்தான் அவளுக்கு மனித மூளையில் ஆர்வம் வந்திருக்கலாம். அப்படியென்றால் மனநல வைத்தியம், முதியோர் வைத்தியம், நரம்பியல் எல்லாம் மருத்துவத்துக்குள்ளேயே இருக்கின்றன. அல்லது வைத்தியராக வருவது உங்கள் ஆசை, உளவியல் அவளுடைய ஆசை என்றும் இருக்கலாம். அப்படியென்றால் மருத்துவத்தில் ஐந்து வருடமும் அதன்பிறகு இரவுப் பணியும் மரணங்களும் ஒரு பிள்ளையைத் தின்றுவிடும். அப்படிக் களைத்துப்போனவர்களை நான் சக வைத்தியர்களாகப் பார்த்திருக்கிறேன். அவள் மருத்துவத்தையே தெரிவுசெய்தால், யூகாஸின் ஐந்தாவது தெரிவில் உளவியலைப் போடுங்கள். பலர் அந்த இடத்தில் பயோமெடிக்கல் சயன்ஸைப் போட்டுவிட்டு, விருப்பமில்லாமல் மூன்று வருடம் இருந்து, பட்டதாரிகளுக்கான நான்கு வருட மருத்துவத்துக்குப் போகலாம் என்று காத்திருக்கிறார்கள். அந்த வழியில் போட்டி இன்னும் கடுமை. தனக்காகவே படிக்கக்கூடிய பாடம் ஒன்று ஐந்தாவது இடத்தில் இருப்பது நல்லது.

முதல் ஆண்டு கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு திரும்ப விண்ணப்பிப்பது இங்கே சாதாரணம். பெறுபேறு கையில் இருக்கும், யூகாட்டையும் திரும்ப எழுதலாம். இடையில் வைத்தியசாலையிலோ முதியோர் இல்லத்திலோ பராமரிப்பு உதவியாளராகச் சம்பளத்துக்கு வேலை செய்யலாம். அந்த ஒரு வருடத்தில் கோயிலிலும் கலியாண வீட்டிலும் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அவளிடம் விடவேண்டாம்.

பல்கேரியா பற்றி. பிளவ்டிவ், வர்ணா போன்ற இடங்களில் படித்து வந்து இங்கே நன்றாக வேலை செய்கிற தமிழ் வைத்தியர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் முகவர் சொல்லாத ஒன்று இருக்கிறது. அங்கே ஆறு வருடம். அவள் திரும்பி வரும்போது ஜி.எம்.சி. பதிவுக்கு என்ன நிபந்தனை இருக்கும் என்று இன்றைக்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது. 2025 ஜூலையில் வெளியான இங்கிலாந்தின் பத்தாண்டு சுகாதாரத் திட்டம், பயிற்சி இடங்களில் பிரித்தானியாவில் பட்டம் பெற்றவர்களுக்கு முன்னுரிமை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறது. பிறப்பால் லண்டன்காரி என்பது அங்கே உதவாமல் போகலாம். பிரித்தானியப் படிப்புக்கான கடனும் அந்த நாட்டுப் படிப்புக்குக் கிடைக்காது, முழுக்காசும் உங்கள் கையிலிருந்து போகும். இரண்டாவது ஆண்டும் இங்கே முயன்று பார்த்த பிறகு யோசிக்கவேண்டிய வழி அது.

இங்கே செலவு அவ்வளவு பயமுறுத்தாது. அவள் இந்த நாட்டவராகவோ நிரந்தர வதிவிடம் உள்ளவராகவோ இருந்து, அதோடு மூன்று வருடமாவது இங்கே வாழ்ந்தும் இருந்தால் உள்நாட்டு மாணவர் கட்டணம்தான். 2025/26 இல் இங்கிலாந்தில் அது 9,535 பவுண். முதல் நான்கு வருடமும் மாணவர் கடன், ஐந்தாம் வருடத்திலிருந்து கல்விக் கட்டணத்தை என்.எச்.எஸ். உதவித்தொகை ஏற்கும். வதிவிட அனுமதியில் ஏதும் சிக்கல் இருந்தால் அதைப் பல்கலைக்கழகத்தின் கட்டணப் பிரிவோடு விண்ணப்பத்துக்கு முன்னாலேயே கதையுங்கள், முகவரோடு அல்ல.

இனி இந்த மாதத்தில் செய்யவேண்டியது. கோடை விடுமுறைக்கு முன்னால், நீங்களும் மகளும் பாடசாலையில் அவளுடைய வகுப்புப் பொறுப்பாசிரியரைச் சந்தியுங்கள். பன்னிரண்டாம் ஆண்டின் இறுதிப் பரீட்சையை வைத்துத்தான் எதிர்பார்க்கும் பெறுபேற்றைப் போடுவார்கள். மூன்று ஏக்குக் குறைந்தால் வழக்கமான வழியில் பல கதவுகள் மூடிவிடும், அதனால் இரசாயனவியலில் அவள் எங்கே நிற்கிறாள் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அதோடு அம்மம்மாவைப்பற்றியும் சொல்லுங்கள். இதுவரை பாடசாலைக்குச் சொல்லியிருக்கமாட்டீர்கள், வீட்டு விஷயம் என்று. வீட்டில் நோயாளியைப் பராமரிக்கிற 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை இந்த நாட்டில் இளம் பராமரிப்பாளர் என்பார்கள். 2014 ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டப்படி அவளுக்கு என்ன உதவி தேவை என்று உள்ளூராட்சி சபை மதிப்பிட்டுப் பார்க்கவேண்டும். யூகாஸ் படிவத்திலும் பராமரிப்புப் பொறுப்பு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதில் அவள் ஆம் என்று போடட்டும். சில மருத்துவபீடங்கள் அதையும் கணக்கில் எடுக்கின்றன. பாடசாலை எழுதும் சான்றில் ஆசிரியர் அதைக் குறிப்பிடலாம், ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தால்தானே எழுதமுடியும்.

அன்புடன்,
உங்கள் வைத்தியர்